மரபணுத்தொகுதிகளைப் படமாக ஒப்பிடுதல்: நான்கு ஈ.கோலை வரிசைகளைக் கொண்டு ஒரு முழுமையான வழிகாட்டி

ஈ.கோலை பாக்டீரியாவின் முழு மரபணுத்தொகுதி ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகள் நீளமுடையது. அத்தகைய இரண்டு தொகுதிகளில் எவை பொதுவானவை, எவை ஒன்றில் மட்டும் உள்ளவை, எவை இடம் மாறியோ திசை மாறியோ அமைந்துள்ளன என்பதை எண்கள் நிறைந்த அட்டவணைகளிலிருந்து அறிந்துகொள்வது பெரும் சிரமம். நன்றாக வரையப்பட்ட ஒரு படம் அதைச் சில நொடிகளில் காட்டிவிடும். ஆனால் இந்தப் படங்கள் புகைப்படங்கள் அல்ல. எந்த வரிசையை அடிப்படையாக வைத்தோம், எத்தனை சதவீத ஒற்றுமைக்குக் கீழே உள்ளவற்றை ஒதுக்கினோம், எவ்வளவு நீளத்துக்குக் குறைவான பொருத்தங்களை விட்டுவிட்டோம் என்ற மூன்று முடிவுகளின் விளைவுதான் திரையில் தெரிகிறது. அந்த முடிவுகளை நாம் எடுக்காவிட்டால் மென்பொருளே எடுத்துவிடும். எனவே எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதோடு, ஒவ்வொரு வகைப் படமும் எதைக் காட்டாமல் விடும் என்பதையும் இந்த வழிகாட்டி சேர்த்தே விளக்குகிறது.

கட்டளை வரியில் இயங்கும் கருவிகளைத் தவிர்த்து, சுட்டியாலேயே இயக்கக்கூடிய இலவச மென்பொருள்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவை வளையப்படத்துக்குப் பிரிக், முழுத்தொகுதி ஒழுங்குக்கு மாவ், குறிப்பிட்ட பகுதியின் நெருக்கப் படத்துக்கு ஈசிஃபிக் ஆகியன.

எடுத்துக்கொள்ளும் நான்கு வரிசைகள்

முதலாவது, ஆய்வகங்களில் பல பத்தாண்டுகளாக வளர்க்கப்படும் தீங்கற்ற கே-12 எம்ஜி1655. இதன் முழு வரிசை 1997இல் வெளியானது. திருத்தப்பட்ட இப்போதைய பதிப்பின் நீளம் 46,41,652 கார இணைகள், அதாவது எழுத்துகள். இரண்டாவது, 1996இல் ஜப்பானின் சக்காய் நகரில் பள்ளி மதிய உணவு வழியாக ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பாதித்த ஓ157:எச்7 வகையின் சக்காய் திரிபு. 2001இல் வெளியான அதன் குரோமோசோம் 54,98,450 கார இணைகள் கொண்டது. மூன்றாவது, 1982இல் அமெரிக்காவில் ஹாம்பர்கர் இறைச்சியோடு தொடர்புபட்ட நோய்ப்பரவலில் கிடைத்த, அதே ஓ157:எச்7 வகையைச் சேர்ந்த ஈடிஎல்933. இதுவும் 2001இல் வெளியானது, நீளம் 55,28,445. நான்காவது, பச்சிளங்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் வகையைச் சேர்ந்த ஈ2348/69, நீளம் 49,65,553.

இந்த நால்வர் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கே-12க்கும் ஈடிஎல்933க்கும் பொதுவான முதுகெலும்புப் பகுதி ஏறத்தாழ 41 லட்சம் கார இணைகள். அதற்கு மேல் ஈடிஎல்933இல் மட்டும் உள்ள பகுதிகள் சுமார் 13.4 லட்சம், கே-12இல் மட்டும் உள்ளவை சுமார் 5.3 லட்சம். இவற்றோடு, ஈடிஎல்933இன் 2001ஆம் ஆண்டு வரிசையில், பிரதியாக்கம் முடியும் இடத்தைச் சுற்றி 4.22 லட்சம் கார இணைகள் நீளமுள்ள ஒரு துண்டு கே-12ஐ ஒப்பிடத் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. சேர்க்கை, இழப்பு, திருப்பம் ஆகிய மூன்றும் ஒரே தரவில் அமைந்திருப்பதால், எந்தப் படம் எதைப் பிடிக்கிறது, எதைத் தவறவிடுகிறது என்பதைச் சோதிக்க இது மிகவும் பொருத்தமானது. விடை ஏற்கெனவே தெரிந்த தரவில் ஒரு மென்பொருளைப் பழகிய பிறகே நம் சொந்தத் தரவுக்குச் செல்வது நல்லது.

முதல் படி: கோப்புகளைச் சேகரித்தல்

என்சிபிஐ தளத்தின் நியூக்ளியோடைடு தரவகத்தில் நான்கு வரிசைகளும் கிடைக்கும். தேடல் எண்கள் முறையே யூ00096, பிஏ000007, ஏஇ005174, எஃப்எம்180568 ஆகும். தளத்தில் இவற்றின் முன்னெழுத்துகளை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். ஒவ்வொரு வரிசையையும் இரண்டு வடிவங்களில் பதிவிறக்குங்கள். ஒன்று ஃபாஸ்டா, இதில் வெறும் எழுத்து வரிசை மட்டும் இருக்கும், பிரிக்குக்கு இது போதும். மற்றொன்று ஜென்பேங்க், இதில் மரபணுக்களின் பெயர், இருப்பிடம், இழைத்திசை ஆகிய குறிப்புகளும் இருக்கும், மாவ் மற்றும் ஈசிஃபிக்குக்கு இதுவே ஏற்றது.

பக்கத்தின் வலப்பக்க மேல்மூலையில் உள்ள 'சென்ட் டு' என்பதைத் திறந்து, 'ஃபைல்' என்பதைத் தேர்ந்து, வடிவப் பட்டியலில் 'ஜென்பேங்க் (ஃபுல்)' என்பதை எடுக்க வேண்டும். அதற்கு மேலேயே 'ஜென்பேங்க்' என்று மட்டும் இன்னொரு தேர்வு இருக்கும். பெரிய தொகுதிகளுக்கு அதைத் தேர்ந்தால், தலைப்பும் சில குறிப்புகளும் மட்டும் வந்து, வரிசை இல்லாமலே கோப்பு முடிந்துவிடக்கூடும். பதிவிறக்கியதும் கோப்பின் அளவைப் பாருங்கள். ஈ.கோலையின் முழு ஜென்பேங்க் கோப்பு சில மெகாபைட்டுகளாவது இருக்க வேண்டும்; சில கிலோபைட்டுகளே இருந்தால் அதில் வரிசை இல்லை என்று பொருள்.

கோப்புறையின் பெயரிலும், அது அமைந்திருக்கும் பாதை முழுவதிலும், இடைவெளிகளும் தமிழ் எழுத்துகளும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கு பேசப்படும் மென்பொருள்கள் பெரும்பாலும் 2011ஐ ஒட்டியவை. பாதையில் ஓர் இடைவெளி இருந்தாலே, வரிசைகளை ஒப்பிட்டுப் பொருத்தங்களைத் தேடும் பிளாஸ்ட் நிரல் கோப்பைக் காணவில்லை என்று நின்றுவிடும். கணினியின் பயனர் பெயரையே தமிழில் வைத்திருப்பவர்கள், சி அல்லது டி இயக்ககத்தின் மேல்மட்டத்தில் சிறிய ஆங்கிலப் பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கி, எல்லாவற்றையும் அங்கேயே வைத்துக்கொள்வது நிம்மதி. ஒவ்வொரு கோப்புக்கும் திரிபின் பெயரையே சூட்டுங்கள், தேடல் எண்ணின் பதிப்பையும் தனியே குறித்துவையுங்கள். ஈடிஎல்933இன் 2001ஆம் ஆண்டு வரிசையில் மூடப்படாத இடைவெளிகள் இருந்தன. அதே திரிபு மீண்டும் வரிசைப்படுத்தப்பட்டு, இடைவெளியற்ற வரிசை 2014இல் வெளியானது. எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் 'ஈடிஎல்933' என்று மட்டும் எழுதினால், படிப்பவருக்கு இரண்டில் எது என்று தெரியாது.

இரண்டாம் படி: புள்ளிப்படத்தில் ஒரு முதற்பார்வை

அழகான படத்துக்குப் போவதற்கு முன் ஒரு புள்ளிப்படம் வரைந்து பார்ப்பதை நான் கட்டாயமாகவே கொள்வேன். ஒரு வரிசை கிடைமட்ட அச்சிலும் மற்றொன்று செங்குத்து அச்சிலும் வைக்கப்பட்டு, இரண்டும் பொருந்தும் இடங்களில் புள்ளிகள் இடப்படும். டி-ஜீனீஸ் என்ற இணையக் கருவியில் இரண்டு ஃபாஸ்டா கோப்புகளை ஏற்றினால், எதையும் நிறுவாமலே இந்தப் படம் கிடைக்கும்.

முழுமையாக ஒத்த வரிசைகள் ஒரே மூலைவிட்டக் கோடாகத் தெரியும். ஒன்றில் கூடுதல் துண்டு இருந்தால் கோடு அந்த இடத்தில் விலகித் தொடரும். தலைகீழ்த் திருப்பம் இருந்தால், அந்தப் பகுதியில் மட்டும் கோடு எதிர்த்திசையில் சாயும். கே-12ஐயும் ஈடிஎல்933ஐயும் ஏற்றினால் அத்தகைய எதிர்ச்சாய்வைத் தொகுதியின் நடுப்பகுதியை ஒட்டிக் காணலாம். மூலைவிட்டம் முழுவதும் இரண்டு துண்டுகளாக முறிந்து எதிரெதிர் மூலைகளில் கிடந்தால், அது பெரும்பாலும் உயிரியல் மாற்றமே அல்ல. பாக்டீரியாவின் குரோமோசோம் வட்டமானது. அதை எந்த இடத்தில் வெட்டி நேராக்கி முதலெழுத்து என்று எண்ணத் தொடங்கினார்களோ, அந்த இடம் இரு கோப்புகளிலும் வேறுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். சொந்தமாக வரிசைப்படுத்திய தொகுதிகளில் இது அடிக்கடி நேரும். சர்க்லேட்டர் போன்ற கருவியால் (இது மட்டும் கட்டளை வரியில் இயங்குவது) தொடக்கப் புள்ளியை ஒரே மரபணுவுக்குச் சுழற்றி வைத்த பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

மூன்றாம் படி: பிரிக் கொண்டு வளையப்படம்

பிரிக் மென்பொருளை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2011இல் வெளியிட்டது. அது ஒப்பிடும் வேலையைப் பிளாஸ்டிடமும், வரையும் வேலையை சிஜிவியூவிடமும் ஒப்படைக்கிறது. எனவே கணினியில் ஜாவாவும் பிளாஸ்டும் முதலில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். பிரிக்கின் சுருக்கக் கோப்பை விரித்து, உள்ளே இருக்கும் ஜாவா கோப்பைத் திறந்து, விருப்பத்தேர்வுகளில் பிளாஸ்ட் இருக்கும் கோப்புறையின் பாதையைக் கொடுங்கள். முதல் முறை பிரிக் பிழை காட்டினால், பத்தில் ஒன்பது முறை காரணம் இந்தப் பாதைதான்.

முதல் சாளரத்தில் அடிப்படை வரிசையாகச் சக்காயின் ஃபாஸ்டா கோப்பைக் கொடுத்து, மற்ற மூன்று கோப்புகள் உள்ள கோப்புறையைச் சுட்டிக்காட்டி, அவற்றைத் தரவுத் தொகுப்பில் சேருங்கள். வெளியீட்டுக் கோப்புறை காலியாக இருக்கட்டும். அடுத்த சாளரத்தில் வளையங்களை ஒவ்வொன்றாக அமைக்க வேண்டும். ஒவ்வொரு வளையத்துக்கும் பெயர், நிறம், மேல் எல்லைச் சதவீதம், கீழ் எல்லைச் சதவீதம் ஆகியவற்றைத் தரலாம். உள்ளிருந்து வெளியே எண்ணும்போது முதல் இரண்டு வளையங்களில் ஜிசி விகிதத்தையும் (ஜி, சி எழுத்துகளின் மொத்தப் பங்கு) ஜிசி சாய்வையும் (ஜிக்கும் சிக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு) வையுங்கள்; அதன்பின் ஈடிஎல்933, கே-12, ஈ2348/69 என்ற வரிசையில், சக்காய்க்கு மிக நெருங்கியது உள்ளேயும் தொலைவானது வெளியேயும் அமையட்டும். உறவு நெருக்கத்தின்படி அடுக்கினால் இடைவெளிகள் ஒரு ஒழுங்கில் விழும். அகரவரிசையில் அடுக்கினால் எந்த ஒழுங்கும் தெரியாது.

சதவீத எல்லைகளைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பிரிக் இயல்பாக 70, 50 என்ற எல்லைகளை வைத்திருக்கும். இவை தொலைதூர இனங்களுக்கோ புரத ஒப்பீட்டுக்கோ பொருந்தலாம். ஆனால் கே-12க்கும் ஓ157க்கும் பொதுவான முதுகெலும்புப் பகுதியில் ஒற்றுமை சராசரியாக 98 சதவீதத்துக்கு மேல். அங்கே 70, 50 என்று வைத்தால் இருக்கும் இடமெல்லாம் ஒரே அடர்நிறமாகி, நிற அடர்த்தியில் பொதிந்திருக்க வேண்டிய தகவல் முழுவதும் காணாமல் போகும். அதற்கு மேலாக, டிஎன்ஏவை டிஎன்ஏவோடு ஒப்பிடும் பிளாஸ்ட் 50 சதவீத ஒற்றுமை உள்ள நீண்ட பொருத்தங்களை நடைமுறையில் தேடித் தருவதே இல்லை. ஒரே இனத்துக்குள் ஒப்பிடும்போது மேல் எல்லையை 95 என்றும் கீழ் எல்லையை 80 என்றும் வைத்துத் தொடங்கி, ஒரு முறை வரைந்து பார்த்துத் திருத்திக்கொள்வது என் பரிந்துரை. எல்லைகளையோ நிறங்களையோ மட்டும் மாற்றும்போது பிளாஸ்டை மீண்டும் ஓட்டத் தேவையில்லை. அதற்குரிய பெட்டியில் உள்ள குறியை நீக்கிவிட்டால் படம் மட்டும் புதிதாக வரையப்படும்.

எந்த இடைவெளி எது என்று அடையாளம் காட்ட, வெளிவளையம் ஒன்றில் தனிக் குறிப்புகளைச் சேர்க்கலாம். சக்காயின் குறிப்புகளிலிருந்து புரோபேஜ்களின் (பாக்டீரியாவின் மரபணுத்தொகுதிக்குள் தங்கிவிட்ட வைரஸ்களின்) தொடக்க, முடிவு எண்களை எடுத்து ஓர் அட்டவணையாக உள்ளிடுங்கள். சக்காயில் 18 புரோபேஜ்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. ஷிகா நச்சு 2ஐத் தாங்கியுள்ள எஸ்பி5, டபிள்யூஆர்பி-ஏ என்ற மரபணுவிலும், ஷிகா நச்சு 1ஐத் தாங்கியுள்ள எஸ்பி15, ஒய்ஈஎச்-வி என்ற மரபணுவிலும் நுழைந்து அமைந்தவை. இவற்றோடு, குடல் உயிரணுக்களின் மேற்பரப்பைச் சிதைக்கும் மரபணுக்கள் கூட்டமாக அமைந்த எல்இஇ என்ற துண்டையும் குறியுங்கள்; இத்தகைய துண்டைத் தீவு என்பார்கள். அதன் ஜிசி விகிதம் சுமார் 38 சதவீதம், ஈ.கோலையின் பொதுச் சராசரியோ 50ஐச் சற்றே தாண்டும். ஆகவே ஜிசி வளையம் உள்நோக்கிச் சரியும் இடமும், கே-12 வளையம் வெறுமையாகும் இடமும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அமைவதைக் காணலாம். வெளியிலிருந்து வந்து சேர்ந்த துண்டு என்ற கருத்துக்கு இரண்டு வளையங்கள் சேர்ந்து சான்று தரும் இடம் இது. வளையப்படம் தன் முழு வலிமையைக் காட்டுவதும் இங்கேதான்.

வளையப்படத்தில் தெரியாதவை

படம் வந்துவிட்டது, அழகாகவும் இருக்கிறது. இப்போது அதே கோப்புகளை வைத்து, கே-12ஐ அடிப்படை வரிசையாக்கி இன்னொரு படம் வரையுங்கள். ஈடிஎல்933இல் மட்டும் உள்ள 13.4 லட்சம் கார இணைகள், நச்சு மரபணுக்கள், எல்இஇ எல்லாம் மறைந்திருக்கும். அவை இருந்த இடம்கூடத் தெரியாது, ஏனெனில் வட்டத்தின் சுற்றளவே அடிப்படை வரிசையின் நீளம்தான். அதில் இல்லாத எதற்கும் வட்டத்தில் இடமே கிடையாது. ஒரு நோய்க்கிருமியின் தனித்தன்மையைக் காட்ட நினைத்துத் தீங்கற்ற திரிபை அடிப்படையாக வைப்பது, கேள்வியையே படத்திலிருந்து நீக்கிவிடுவதாகும். எந்தத் திரிபின் உடைமைகளைப் பற்றிப் பேசுகிறோமோ, அதுவே அடிப்படையாக இருக்க வேண்டும். இரு பக்கமும் பேச வேண்டியிருந்தால் இரண்டு படங்கள் வேண்டும்.

அடுத்தது, ஈடிஎல்933இன் வளையம். கே-12ஐ அடிப்படையாக வைத்த படத்தில், தலைகீழாகத் திரும்பிய 4.22 லட்சம் கார இணைகள் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். கிடைக்காது. திரும்பிய துண்டின் வரிசை கே-12இலும் இருக்கிறது, பொருத்தம் கிடைக்கிறது, எனவே வளையம் நிறம் பெறுகிறது. அது எந்தத் திசையில், எந்த இடத்தில் இருந்தது என்பதை வளையம் பதிவு செய்வதே இல்லை. ஒரு வளையம் முழுமையாக நிறைந்திருப்பதைப் பார்த்து 'இரண்டின் அமைப்பும் ஒன்றே' என்று எழுதுவது தவறு; 'அடிப்படை வரிசையின் பகுதிகள் மற்றதிலும் எங்கோ உள்ளன' என்று மட்டுமே எழுத முடியும்.

மூன்றாவது சிக்கல் நுட்பமானது. சக்காயின் புரோபேஜ்களில் பல லாம்டா என்ற பாக்டீரிய வைரஸின் வகையைச் சேர்ந்தவை, ஒன்றுக்கொன்று நெருங்கிய ஒற்றுமை உடையவை. கே-12இலும் டிஎல்பி12, ராக், கின் போன்ற லாம்டா வகை எச்சங்கள் உண்டு. கே-12இல் ஒரு துண்டு ஒரே ஒரு முறை இருந்தாலும், சக்காயில் அதற்கு ஒப்பான எல்லா இடங்களிலும் பிளாஸ்ட் பொருத்தம் காட்டும். பிரிக் அத்தனை இடங்களையும் நிறமேற்றும். அதனால் எஸ்பி5 இருக்கும் பகுதியில் கே-12 வளையம் முற்றிலும் வெறுமையாக இல்லாமல், திட்டுத்திட்டாக நிறம் பெற்றிருப்பதைக் காண்பீர்கள். அந்தத் திட்டுகள் கே-12இல் அந்த இடத்தில் புரோபேஜ் இருப்பதற்குச் சான்று அல்ல. ஈ2348/69இன் வளையத்திலும் இதே நிலைதான். அதிலும் லாம்டா வகைப் புரோபேஜ்கள் உள்ளன, ஆனால் ஷிகா நச்சு மரபணுக்கள் இல்லை. ஆகவே வளையத்தைப் படிக்கும்போது புரோபேஜ் பகுதி முழுவதையும் ஓர் அலகாகக் கொள்ளாமல், நச்சு மரபணு இருக்கும் சிறு இடத்தைத் தனியே குறித்துப் பார்க்க வேண்டும்.

சொந்தத் தரவு துண்டுகளாக, அதாவது கான்டிக்குகளாக மட்டும் இருந்தால், இன்னும் ஒரு எச்சரிக்கை. குறுந்துண்டு வரிசைமுறையில் மீள்வரும் பகுதிகள் ஒன்றாக மடிந்துபோவது இயல்பு. வளையத்தில் ஓர் இடைவெளி தெரிந்தால், அந்த மரபணு உயிரியில் இல்லையா, அல்லது தொகுப்பில் மட்டும் விடுபட்டதா என்பதை மூல வரிசைத் துண்டுகளை அடிப்படை வரிசையின் மீது பொருத்திப் பார்த்த பிறகே சொல்ல வேண்டும்.

நான்காம் படி: மாவ் கொண்டு ஒழுங்கும் திசையும்

வளையம் சொல்லாததை மாவ் சொல்லும். 2004இல் வெளியான இந்த மென்பொருள், தொகுதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்கோட்டில் வைத்து, உள்ளே இடமாற்றம் நிகழாத பொதுப் பகுதிகளை ஒரே நிறக் கட்டங்களாகக் காட்டி, அவற்றைக் கோடுகளால் இணைக்கும். கோப்புப் பட்டியில் 'அலைன் வித் ப்ரோக்ரெசிவ்மாவ்' என்பதைத் திறந்து, கே-12, சக்காய், ஈடிஎல்933 ஆகியவற்றின் ஜென்பேங்க் கோப்புகளை அந்த வரிசையிலேயே சேர்த்து, வெளியீட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்து ஓடவிடுங்கள். மூன்று தொகுதிகளுக்குச் சாதாரண மடிக்கணினியே போதும்.

முதலில் வைத்த தொகுதியே திசைக்கு அளவுகோல். மற்றவற்றில் ஒரு கட்டம் நடுக்கோட்டுக்கு மேலே இருந்தால் அதே திசை, கீழே இறங்கியிருந்தால் தலைகீழ்த் திசை. ஈடிஎல்933இல் நடுப்பகுதியில் கட்டங்கள் கீழே இறங்கி, இணைப்புக் கோடுகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்வதுதான் நாம் வளையத்தில் தேடியும் கிடைக்காத திருப்பம். கட்டத்துக்குள் ஒற்றுமையின் உயரம் சிறு வரைபடமாகத் தெரியும். அதில் வெண்மையாக விழும் பகுதிகள் அந்தத் தொகுதிக்கே உரிய துண்டுகள். சுட்டியை ஓரிடத்தில் வைத்தால் மற்ற தொகுதிகளில் அதற்கு இணையான இடமும் குறிக்கப்படும். அந்த இடத்தைச் சொடுக்கினால் எல்லாத் தொகுதிகளும் அங்கே வந்து நிற்கும். ஒரு கட்டத்தின் விளிம்பில் என்ன மரபணு இருக்கிறது என்று பார்க்க இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியவில்லை.

கட்டங்கள் மிகச் சிறியனவாகவும் எண்ணற்றனவாகவும் வந்தால், கட்டத்தின் குறைந்தபட்ச எடையை உயர்த்தும் சறுக்கியைப் பயன்படுத்துங்கள். உயர்த்த உயர்த்தச் சிறு கட்டங்கள் மறைந்து, பெரிய இடமாற்றங்கள் மட்டும் எஞ்சும். எவ்வளவு உயர்த்தினோம் என்பதைப் படத்தின் விளக்கத்தில் எழுத வேண்டும். ஒரு பெரிய திருப்பத்தின் இரு விளிம்புகளிலும் ஒத்த மீள்வரிசைகள் இருந்தால், அது உண்மையான திருப்பமாகவும் இருக்கலாம், தொகுப்பின்போது துண்டுகள் தவறான திசையில் ஒட்டப்பட்டதாகவும் இருக்கலாம். மாவ் இரண்டையும் ஒரே மாதிரிதான் வரையும். நீள்துண்டு வரிசைகள் அந்த விளிம்பைக் கடந்து செல்கின்றனவா என்று பார்ப்பதுதான் தீர்வு.

கான்டிக்குகளாக உள்ள தொகுதிகளை அடிப்படை வரிசையின் ஒழுங்கில் அடுக்கித் தரும் கருவியும் மாவ்-இல் உண்டு. பயனுள்ளதுதான். ஆனால் அடிப்படையைப் பார்த்து அடுக்கிய பிறகு, 'அடிப்படையோடு ஒழுங்கு ஒத்திருக்கிறது' என்று முடிவு கூறுவது வட்டத் தர்க்கம்.

ஐந்தாம் படி: ஈசிஃபிக் கொண்டு நெருக்கப் படம்

முழுத்தொகுதியில் ஒரு கோடாகத் தெரியும் எல்இஇயை மரபணு மரபணுவாகக் காட்ட வேண்டுமானால், ஈசிஃபிக் ஏற்றது. எல்இஇ இந்தத் திரிபுகளில் செல்-சி என்ற கடத்து ஆர்என்ஏ மரபணுவை ஒட்டி நுழைந்திருக்கிறது. முதலில் ஒவ்வொரு ஜென்பேங்க் கோப்பிலும் அந்த மரபணுவின் இருப்பிடத்தைக் கண்டுபிடியுங்கள். நோட்பேட் போன்ற எளிய உரைத்தொகுப்பியில் பெயரைத் தேடினாலே போதும். ஒரு கோப்பில் அந்தப் பெயர் எழுதப்படாமல் இருந்தால், கே-12இலிருந்து செல்-சியையும் அதன் சுற்றுப்புறத்தில் சில ஆயிரம் எழுத்துகளையும் வெட்டியெடுத்து, அந்தத் தொகுதியோடு பிளாஸ்ட் செய்து இடத்தை அறியலாம். இன்டிமின் புரதத்துக்குரிய ஈஏஈ மரபணுவையும் தேடி, அது செல்-சியிலிருந்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஈசிஃபிக்கில் கே-12, ஈ2348/69, சக்காய் என்ற வரிசையில் மூன்று ஜென்பேங்க் கோப்புகளையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பகுதியின் தொடக்க, முடிவு எண்களைத் தாருங்கள். நோய்த்திரிபுகள் இரண்டிலும் தீவின் இரு பக்கமும் சுமார் 10,000 எழுத்துகள் இருக்குமாறு எடுப்பது நல்லது. கே-12இல் செல்-சியின் இரு பக்கமும் 10,000 போதும். அக்கம்பக்கம் இல்லாமல் தீவை மட்டும் வெட்டினால், அது எதன் நடுவில் நுழைந்தது என்பதே படத்தில் இராது. பிறகு பிளாஸ்ட் ஒப்பீட்டுக் கோப்புகளை மென்பொருளே உருவாக்கும்படி சொல்லுங்கள். அடுத்தடுத்த இரண்டு வரிசைகளை மட்டுமே ஈசிஃபிக் ஒப்பிடும். மேலே உள்ள கே-12க்கும் கீழே உள்ள சக்காய்க்கும் இடையே நேரடி ஒப்பீடு நடக்காது என்பதால், எதை எதன் அருகில் வைக்கிறோம் என்பது இங்கே வெறும் அலங்காரம் அல்ல.

பட அமைப்பில் குறைந்தபட்சப் பொருத்த நீளத்தை 100 என்றும் ஈ-மதிப்பின் (பொருத்தம் தற்செயலாக அமையக்கூடிய வாய்ப்பின் அளவு) உச்சத்தை 0.001 என்றும் வைத்துத் தொடங்கலாம். மரபணுக்களை அம்புகளாக வரையுமாறும், நேர்த்திசைப் பொருத்தத்துக்கு ஒரு நிறமும் எதிர்த்திசைக்கு வேறு நிறமும் வருமாறும் தேர்ந்துகொள்ளுங்கள். எல்லா இணைப்புகளும் குறுக்காக வெட்டிக்கொண்டால், ஏதோ ஒரு வரிசை எதிர்த்திசையில் பதிவாகியிருக்கிறது. அதற்கு மட்டும் 'ரிவர்ஸ்' தேர்வைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

படத்தின் மேல்வரிசையில் செல்-சியும் அதன் அடுத்த மரபணுவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அங்கிருந்து கீழே வரும் இரண்டு இணைப்புப் பட்டைகள் விலகி விரிய, நடுவில் ஈ2348/69இன் தீவு சுமார் 35,000 கார இணைகளாக இடம்பிடிக்கும். அதற்கும் கீழே சக்காயின் தீவு இன்னும் நீண்டு, சுமார் 43,000 இருக்கும். இரண்டுக்கும் பொதுவான மரபணுக்கள் ஒரே ஒழுங்கில் இணைய, செல்-சியை ஒட்டிய ஓரத்தில் மட்டும் சக்காயின் ஒரு பகுதி இணையின்றித் தொங்கும். அது பி4 வகைப் புரோபேஜ் எச்சம். எல்இஇ என்று பொதுவாகச் சொல்லப்படும் தீவின் நீளம் ஏன் கட்டுரைக்குக் கட்டுரை வேறுபடுகிறது என்ற குழப்பத்துக்கு, இந்த ஒரு ஓரமே பெரும்பாலும் விடை.

இதையே முழுத்தொகுதி அளவில் ஈசிஃபிக்கில் வரைய முயன்றால், புரோபேஜ்களும் இடம்பெயர் கூறுகளும் ஒன்றையொன்று தேடிப் பொருந்தி, படம் முழுவதும் மெல்லிய கோடுகளின் வலையாகிவிடும். குறைந்தபட்ச நீளத்தை 5,000க்கு மேல் உயர்த்தினால் ஓரளவு தெளியும். அந்த வேலைக்கு மாவ் அல்லது ஆர்ட்டெமிஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஏக்ட் மேல். ஏக்ட்டில் சிவப்புப் பட்டை நேர்த்திசை, நீலப் பட்டை எதிர்த்திசை; நெருங்கியும் விலகியும் நேரடியாக உலாவலாம் என்பதால், அச்சிடுவதைவிட ஆராய்வதற்கே அது பொருத்தம். மரபணுக் கூட்டங்களை மட்டும் ஒப்பிடுவோர்க்கு 2021இல் வந்த, கட்டளை வரியில் இயங்கும் கிளிங்கரும், வளையப்படத்தை இணையத்திலேயே வரைய விரும்புவோர்க்கு புரோக்சியும் புதிய மாற்றுகள். அவற்றிலும் மேலே சொன்ன அடிப்படை வரிசைச் சிக்கலும் எல்லைச் சிக்கலும் அப்படியே இருக்கின்றன.

ஆறாம் படி: படத்தை வெளியிடும் நிலைக்குக் கொண்டுவருதல்

மூன்று மென்பொருள்களின் வெளியீட்டையும் கூடுமானவரை எஸ்விஜி வடிவில் சேமியுங்கள். பெரிதாக்கினாலும் எழுத்துகள் மங்காது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து எழுத்தின் அளவை மாற்றவும், ஒன்றன்மேல் ஒன்றாக விழும் மரபணுப் பெயர்களை நகர்த்தவும் முடியும். பெயர்களை நகர்த்தலாம், பட்டைகளையும் இடைவெளிகளையும் தொடக்கூடாது. மென்பொருள் வரைந்த ஒரு சிறு இடைவெளியை அழகுக்காக மூடுவது தரவைத் திருத்துவதாகும்.

சிவப்பையும் பச்சையையும் அருகருகே எதிர்நிலைகளாகப் பயன்படுத்தாதீர்கள். நிறக்குருடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். நீலமும் ஆரஞ்சும் பாதுகாப்பான இணை. பிரிக்கில் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு புது நிறம் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். ஓ157 வகைக்கு ஒரு நிறம், குழந்தை வயிற்றுப்போக்கு வகைக்கு ஒரு நிறம், தீங்கற்ற வகைக்கு ஒரு நிறம் என்று குழுவாரியாக வைத்தால், இருபது வளையங்கள் இருந்தாலும் மூன்று நிறங்களே போதும். பன்னிரண்டு வளையங்களுக்கு மேல் போனால் உள்வளையங்கள் சுருங்கி எதுவும் தெரியாது என்பது வேறு விஷயம்; அந்நிலையில் ஒத்த திரிபுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் துணைப் படத்துக்கு அனுப்ப வேண்டும்.

படத்தின் கீழ் எழுத வேண்டிய விளக்கத்தில் அடிப்படை வரிசையின் பெயரும் பதிப்பு எண்ணும், மற்ற வரிசைகளின் எண்களும், பயன்படுத்திய பிளாஸ்ட் வகையும் பதிப்பும், மேல் கீழ் எல்லைச் சதவீதங்களும், குறைந்தபட்சப் பொருத்த நீளமும், ஈ-மதிப்பும் இருக்க வேண்டும். நம் வளையப்படத்துக்கு அது இப்படி அமையலாம்: 'ஓ157:எச்7 சக்காய் குரோமோசோமை அடிப்படையாகக் கொண்ட பிளாஸ்ட்என் ஒப்பீடு. உள்ளிருந்து வெளியே: ஜிசி விகிதம், ஜிசி சாய்வு, ஈடிஎல்933 (2001ஆம் ஆண்டு வரிசை), கே-12 எம்ஜி1655, ஈ2348/69, புரோபேஜ்களும் எல்இஇயும். 95 சதவீதமும் அதற்கு மேலும் அடர்நிறம். 80க்கும் 95க்கும் இடையே வெளிர்நிறம். 80க்குக் கீழ் நிறமில்லை. பிளாஸ்மிட்கள் சேர்க்கப்படவில்லை.' கடைசி வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சக்காயில் குரோமோசோமைத் தவிர 92,721 கார இணைகள் கொண்ட ஒரு பெரிய பிளாஸ்மிடும் 3,306 கார இணைகள் கொண்ட ஒரு சிறிய பிளாஸ்மிடும் உண்டு. பிளாஸ்மிட் என்பது குரோமோசோமுக்கு வெளியே தனியே இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம். அவை தனிக் கோப்புகள், நாம் இறக்கிய பிஏ000007இல் இல்லை. பெரியதையும் படத்தில் சேர்க்க வேண்டுமானால், அதன் ஃபாஸ்டாவைக் குரோமோசோமுக்குப் பின் அதே கோப்பில் ஒட்டி, பிரிக்கின் பல்வரிசை அடிப்படைத் தேர்வில் இரண்டுக்கும் இடையே சில ஆயிரம் எழுத்துகள் இடைவெளி விடுமாறு அமைத்து, படத்தை மீண்டும் ஓட்ட வேண்டும்.